நாற்பத்தொன்று

முதல் வருஷம் செய்த தவறு மிகச் சின்னது:
கைக்கு அகப்பட்ட ஆட்டைப் பிடித்தோம்.

வைக்காயா ஆற்றங்கரை. ஜூலைக் குளிர்.
பட்டிக்குள் அறுபது செம்மறிகள்,
இன்னும் ஒரு வயது நிரம்பாதவை.
முதல் முப்பதுக்குத் தாது மருந்து,
மீதி முப்பதுக்கு வெறும் தண்ணீர்.
டுகால்ட் ரென்விக் ஒவ்வொன்றாய் முழங்காலிடுக்கில் அழுத்தித்
தாடையைத் திறக்க, நான் ஊற்றினேன்.
மதியத்துக்குள் முடிந்தது.
வெந்நீரில் கை கழுவித் தேநீர் குடித்தோம்.

அக்டோபரில் எடை போட்டால்
மருந்து குடித்தவை
தண்ணீர் குடித்தவற்றைவிட மூன்று கிலோ குறைவு.
"ஆட்டை இளைக்க வைக்கும் மருந்து!
என் மைத்துனிக்கு ஒரு புட்டி கொடேன்,"
என்று சிரித்தார் ரென்விக்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ராத்திரி கண்ணை மூடினால் அதே பட்டி.
எது முதலில் பிடிபடுகிறது?
நொண்டுவது. இருமுவது.
மூலையில் ஒண்டி நிற்கத் தெம்பு மட்டும் மிஞ்சியது.
கொழுத்தவை கூட்டத்தின் பின்புறம் முண்டி,
மிர்க் நாயையே தாண்டிக் குதித்து,
கடைசி வரை கைக்குத் தப்பின.
நான் அளந்தது மருந்தையல்ல,
ஓட முடியாமையை.

மறு வருஷம் வேறு அறுபது.
காதில் எண் வில்லைகள்.
முப்பது சீட்டில் மருந்து, முப்பதில் தண்ணீர்,
எல்லாம் ரென்விக்கின் கம்பளிக் குல்லாவுக்குள்.

அவருக்கு அது அவமானமாயிருந்தது.
"நாற்பது வருஷமாய் ஆட்டைப் பார்க்கிற கண் இது.
இந்தப் பக்கம் ஒரு திடமானது, அந்தப் பக்கம் ஒரு திடமானது என்று
நானே பிரித்துத் தரமாட்டேனா?"

தருவார். சந்தேகமில்லை.
கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் சமமாய்ப் பிரித்துத் தருவார்.
குடலுக்குள் சுருண்ட புழுவை யார் பிரிப்பது?
தாய் மடி வற்றிய ஒரு வாரத்தை?
அவரும் நானும் இன்னும் பெயர் வைக்காத ஒன்றை?
சீட்டுக்குக் கண் இல்லை.
அதனால்தான் காணாததையும்
ஏறக்குறைய இரண்டாய்ப் பங்கிடுகிறது.
ஏறக்குறையதான்.
எவ்வளவு பிசகலாம் என்பதற்கு மட்டும்
அதனிடம் கணக்கு உண்டு;
நம் கையிடம் அதுவும் இல்லை.

நாற்பத்தொன்று வந்தது.
போன வசந்தத்தில் சமையலறை அடுப்போரம்
புட்டிப்பால் குடித்து வளர்ந்தது.
மார்மலேட் என்றால் திரும்பிப் பார்க்கும்.
குல்லாவுக்குள் கைவிட்டேன்.
தண்ணீர்.

ரென்விக் என்னைப் பார்த்தார்.
"இன்னொன்று எடுத்துப் பாரேன்."
யாருமில்லை. நாய், பனி, நாங்கள்.
சொல்கிறேனே, என் விரலும்
மறுபடி குல்லாவின் விளிம்பைத் தொட்டது.

விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்.
ஒன்று நம் மேல் எழுதப்படுவது,
மற்றது நாமே எழுதிக் கட்டுப்படுவது.
அந்தக் காலையில் இரண்டும்
ஒரே துண்டுக் காகிதத்தில் இருந்தன.

தண்ணீரை ஊற்றினேன்.
நாக்கைச் சப்புக்கொட்டியது மார்மலேட்.
அவர் வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர். இந்த முறை
மருந்துப் பக்கம் நான்கு கிலோ கூடுதல்.
குருட்டு அதிர்ஷ்டம் மட்டும் இத்தனை தூரம் இழுத்திருக்குமா என்று
கணக்குப் போட்டேன். இழுத்திருக்காது.
மருந்துக்கு வேலை தெரிந்திருக்கிறது.

தண்ணீர்ப் பக்கத்தில் மிகக் கனமானது நாற்பத்தொன்று.
"ஒற்றை ஆடு எதையும் சொல்லாது," என்றேன்.
"என்னிடம் சொல்லும்," என்றார்.

கொட்டகையில் மிஞ்சிய மருந்தை அளந்தேன்.
முப்பது வேளை போக
இன்னும் ஒரு வேளை குறைந்தது.
ரென்விக் வாசலில் நின்று
பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்,
சேறு போன பிறகும்.

குறிப்பேட்டில் அந்த ஒரு வேளையை எழுதினேன்.
நாற்பத்தொன்றை இடம் மாற்றவில்லை.
சீட்டு எங்கே போட்டதோ அங்கேயே,
தண்ணீர்ப் பத்தியில்,
அது குடித்த மருந்தோடு சேர்த்து,
அவர் அதன்மேல் வைத்த பிரியத்தோடும் சேர்த்துக்
கூட்டினேன்.

வித்தியாசம் நூலளவு குறைந்தது.
குறையட்டும்.